ரக்பி கிளப்பில் புது ஆள் வந்தால், யார் போகிறார் என்று முதலில் பாருங்கள்

கரூரிலிருந்து அக்கா மகன் போன் செய்து கேட்டான்: "மாமா, உங்க ரக்பி டீமுக்கு ஏலம் எப்போ?"

ஐபிஎல் பார்த்து வளர்ந்த பையன், அப்படித்தான் கேட்பான். ரக்பியில் ஏலம் கிடையாது. சுத்தியல் தட்டுவதும் இல்லை, விலை திரையில் ஏறுவதும் இல்லை. ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளப்பின் பக்கத்தில் ஒரு படமும் நாலு பத்தியும் வரும். "அடுத்த சீசனிலிருந்து இன்னார் நம்மோடு இணைகிறார்" என்று இருக்கும். எவ்வளவு சம்பளம் என்று இருக்காது. எத்தனை வருஷம் என்பதும் பல சமயம் இருக்காது. அந்த நாலு பத்தியை எப்படிப் படிப்பது என்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி லேபில் ஷிஃப்ட் வேலை. லெஸ்டர் டைகர்ஸ் ஆடும் வெல்ஃபோர்ட் ரோடு மைதானம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வந்த புதிதில் எனக்கு இந்த ஆட்டம் ஒன்றும் புரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் கூட்டிப்போனார். சின்ன வயதிலிருந்து அங்கே போய்க்கொண்டிருப்பவர். ஒரு நாள் யாரோ ஒரு பெரிய வீரர் வரப்போகிறாராம் என்று போனில் படித்துவிட்டு அவரிடம் ஓடினேன். அவர் டீ கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அப்படியா? அப்போ போவது யார்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு வாங்கியதுதான் என் நோட்டு. இந்த வழிகாட்டி மொத்தமும் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

நோட்டு போடுவது எப்படி

நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஓர் இடம். ரக்பி யூனியனில் களத்தில் 15 பேர், மாற்று ஆட்டக்காரர்களாகப் பெஞ்சில் 8 பேர், மேட்ச் நாளுக்கு மொத்தம் 23 பேர். சட்டை எண்ணே இடத்தைச் சொல்லிவிடும். 1, 3 ப்ராப், 2 ஹூக்கர், 4, 5 லாக், 6, 7 ஃபிளாங்கர், 8 நம்பர் எய்ட், 9 ஸ்க்ரம் ஹாஃப், 10 ஃப்ளை ஹாஃப், 12, 13 சென்டர், 11, 14 விங், 15 ஃபுல் பேக். (லெஸ்டரில் ஒரு காலத்தில் எண்ணுக்குப் பதில் சட்டையில் எழுத்துதான் இருந்தது. 1990களில் முன்வரிசையில் நின்ற ரவுன்ட்ரீ, காக்கரில், கார்ஃபோர்த் மூவரையும் ஊர் "ஏபிசி கிளப்" என்றே கூப்பிட்டது. பெரியவர் இதைச் சொல்லாமல் எந்த மேட்சையும் ஆரம்பிக்க மாட்டார்.)

ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கோடு கிழியுங்கள். பெயர், வயது, ஒப்பந்தம் முடியும் வருஷம், எந்த நாட்டு அணிக்கு ஆடுகிறார். பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும். ஒப்பந்த வருஷம் தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டமும் ஒரு தகவல்தான். ஒருவர் புது ஒப்பந்தம் போட்டதாக ரொம்ப நாள் செய்தி வரவில்லை என்றால் அந்தப் பெயரின் மேல் கண் வைக்கலாம்.

முதலில் 3-ஆம் எண் பக்கத்தை நிரப்புங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் விங்கில் ஓடுகிறவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் கிளப் தூக்கம் தொலைப்பது டைட்ஹெட் ப்ராப் என்கிற இந்த 3-ஆம் எண்ணுக்குத்தான். ஸ்க்ரம்மில் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் முட்டித் தள்ளும்போது, எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவில் தலையைக் கொடுத்து நிற்பவர் இவர். பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்துக்கே ஆபத்து. அதனால் முன்வரிசை ஆட்டக்காரருக்கு மாற்றாக முன்வரிசைப் பயிற்சி உள்ளவர்தான் இறங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பெஞ்சில் உள்ள எட்டில் மூன்று இடம் இவர்களுக்கே போய்விடும். நல்ல டைட்ஹெட் ஒருவர் உருவாகப் பல வருஷம் ஆகும். 21 வயதில் விங்கில் நட்சத்திரம் ஆகலாம், ப்ராப் பெரும்பாலும் 26, 27-க்கு மேல்தான் பழுக்கிறார்.

என் நோட்டில் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுகிறேன். மேலே டான் கோல். இங்கிலாந்துக்கு 118 டெஸ்ட், அதாவது நாட்டு அணி ஆட்டம், ஆடியவர். கீழே ஜோ ஹேய்ஸ். லெஸ்டர் அகாடமியில், அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையன், கோலுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் வரிசையில் நின்றவன். 2025 ஜூன் 14 அன்று ட்விக்கனமில் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர்ஷிப்பின் இறுதிப்போட்டியைப் பாத் அணியிடம் 23-21 என்று தோற்றதோடு கோல் ஓய்வு பெற்றார். 127 டெஸ்ட் ஆடிய பென் யங்ஸும் அதே நாளில் பூட்ஸைக் கழற்றினார். அந்த வாரம் பலரும் கேட்டார்கள், கோலின் இடத்துக்கு எந்தப் பெரிய பெயரை வாங்கப் போகிறார்கள் என்று. என் பக்கத்தில் பதில் முன்பே இருந்தது. அடுத்த மாதமே அர்ஜென்டினாவில் ஹேய்ஸ் இங்கிலாந்துக்கு 3-ஆம் எண் சட்டையில் இறங்கினார். சில இடங்களுக்கு ஆள் வாங்குவதே பத்து வருஷத்துக்கு முன்னால், பதினாறு வயதுப் பையனாக நடந்துவிடுகிறது. அந்த அறிவிப்பை யாரும் படித்திருக்க மாட்டோம்.

அறிவிப்பைப் படிப்பது

ஐரோப்பிய ரக்பியில் ஒப்பந்தங்கள் பொதுவாக ஜூன் கடைசியில் முடியும், ஜூலை முதல் தேதி புதியவை தொடங்கும். கால்பந்து போலப் பெரிய மாற்றுத்தொகை கொடுத்து ஆளைப் பிடுங்குவது அபூர்வம். ஒப்பந்தம் முடிகிறவரைப் பேசி முடிப்பதுதான் வழக்கம். அதனால் அடுத்த சீசனுக்கான செய்திகள் இந்த சீசன் நடக்கும்போதே, குளிர்காலத்திலிருந்து வர ஆரம்பிக்கும். புது ஆளுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஒருவர் வேறு கிளப்பில் கையெழுத்து போட்டுவிட்டு இன்னும் ஆறு மாதம் நம் சட்டையில் ஆடுவார்.

2021-22 சீசன் நடுவில் எங்கள் 10-ஆம் எண் ஜார்ஜ் ஃபோர்ட், சேல் கிளப்புக்குப் போகிறார் என்று தெரிந்தது. வேலை இடத்தில் ஒருவர் கொதித்தார்: "போகிறவனை எதற்கு ஆட வைக்கிறார்கள்?" ஃபோர்ட் கடைசி வரை உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார். சீசன் முழுக்க லெஸ்டர்தான் பட்டியலில் முதலிடம். இறுதிப்போட்டியில் சாரசன்ஸுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஃபோர்ட் காயத்தில் வெளியேறினார். உள்ளே வந்தவர் ஃப்ரெடி பர்ன்ஸ்.

பர்ன்ஸ் 2021-ல் ஜப்பானிலிருந்து வந்தபோது செய்தி சின்னதாகத்தான் வந்தது. முன்பும் லெஸ்டரில் ஆடியவர், வயது முப்பதைத் தாண்டியிருந்தது, ஃபோர்ட் இருக்கும்போது இவர் பெஞ்சுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் ஒரு வரி எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். 12-12 என்று நின்ற ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் அவர்தான் டிராப் கோல் அடித்தார் (பந்தைத் தரையில் விட்டு எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி). 15-12. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கோப்பை. பெரியவர் அழுதார், நானும் அழுதேன். அதற்குப் பிறகு "பெஞ்சுக்கு ஆள்" என்று எந்த அறிவிப்பையும் நான் ஒதுக்கியதில்லை. உங்கள் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டாவது பெயருக்கும் முதல் பெயருக்குக் கொடுக்கும் கவனத்தைக் கொடுங்கள்.

அறிவிப்பில் இன்னொன்றும் பாருங்கள்: எப்போது வந்து சேருவார்? கையெழுத்தான தேதி வேறு, சட்டை போடும் தேதி வேறு. தெற்கு அரைக்கோளத்து வீரர் என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே வழக்கமாக நாட்டு அணிகளின் ரக்பி சாம்பியன்ஷிப் நடக்கும். 2025-ல் எங்களை விட்டுப் போன தென்னாப்பிரிக்காவின் 10-ஆம் எண் ஹாண்ட்ரே பொலார்டின் இடத்துக்கு லெஸ்டர் எடுத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஓகானர். அவர் பெட்டி கட்டும் நேரத்தில் ஆஸ்திரேலிய அணி திரும்பக் கூப்பிட்டது. ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் 22-0 என்று பின்தங்கிய ஆட்டத்தை 38-22 என்று ஆஸ்திரேலியா வென்றபோது 10-ஆம் எண்ணில் நின்றவர் அவர்தான். எங்கள் கிளப் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே கோடையில் பாத்திலிருந்து ஆர்லாண்டோ பெய்லியும் பிரான்ஸின் அஜாங் கிளப்பிலிருந்து பில்லி சேர்லும் வந்தார்கள். பொலார்ட் ஒருவரின் இடத்துக்கு மூவர். மேலோட்டமாகப் பார்த்தால் வீண் செலவு. நாலாவது கோட்டை, அதாவது நாட்டு அணிக் கோட்டைப் பார்த்தால் கணக்கு சரியாகிறது.

நாட்டு அணிக்குக் கூப்பிட்டால் அதற்கென்று வகுத்த காலத்தில் கிளப் விட்டே ஆக வேண்டும், உலக ரக்பி அமைப்பின் விதி அது. பொலார்டையே எடுங்கள். 2023 உலகக்கோப்பைக்கு நடுவில் ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயமானதால் தென்னாப்பிரிக்கா அவரைக் கூப்பிட்டது. இறுதிப்போட்டியில் நியூசிலாந்தை 12-11 என்று வென்றார்கள். 12 புள்ளியும் பொலார்டின் காலிலிருந்து வந்தவை. எங்கள் ஆள் என்று எனக்குப் பெருமை. ஆனால் அந்த வாரங்களில் அவர் எங்களுக்காக ஆடவில்லை என்பதும் நோட்டில் இருக்கிறது.

பணம்

பிரீமியர்ஷிப் கிளப்களுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. கோவிட் வந்த பிறகு 50 லட்சம் பவுண்டாகக் குறைத்தார்கள். 2024-25 சீசனிலிருந்து மீண்டும் 64 லட்சம். ஒரே ஒரு வீரரின் சம்பளத்தை இந்த வரம்புக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். தானே வளர்த்த வீரர்களுக்குக் கிளப்புக்குக் கூடுதல் சலுகையும் உண்டு. ஹேய்ஸ் மாதிரி அகாடமிப் பையன் ஒருவர் மேலே வந்தால் அவர் ஆட்டத்தால் மட்டுமில்லை, கணக்காலும் கிளப்புக்கு லாபம்.

ஆகவே பெரிய பெயர் ஒன்று வருகிறது என்று கேட்டதும் பெரியவரின் கேள்வியைக் கேளுங்கள். கிளப்பிடம் பணம் இருந்தாலும் வரம்பில் இடம் வேண்டும். யாரோ ஒருவர் போனால்தான் அந்த இடம் வரும். வீடு, கார், சொந்தக்காரருக்கு வேலை என்று வேறு வழியில் கொடுத்தாலும் அது சம்பளமாகவே எண்ணப்படும். இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு சாரசன்ஸ் பாடம். வீரர்களோடு உரிமையாளர் சேர்ந்து செய்த முதலீடுகளையும் கணக்கில் சேர்த்து, 2019-ல் 35 புள்ளி வெட்டு, 50 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம். அப்புறம் கீழ்ப்பிரிவுக்கே இறக்கப்பட்டார்கள். எங்கள் கிளப்பும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பழைய சீசன்களுக்காக 2022-ல் லெஸ்டருக்கும் 3 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது. அந்தச் செய்தி எனக்கு வலித்தது. நேசிக்கிற கிளப் என்பதற்காக அதை நோட்டில் எழுதாமல் விடவில்லை.

பணம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் நினைவிருக்கட்டும். 2022 இலையுதிர்காலத்தில் வூஸ்டர், வாஸ்ப்ஸ் இரண்டும் திவாலாகி விழுந்தன. அடுத்த கோடையில் லண்டன் ஐரிஷ். நூற்றுக்கணக்கான வீரர்களும் ஊழியர்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். வாஸ்ப்ஸின் ஜாக் வில்லிஸ் பிரான்ஸில் டூலூஸுக்குப் போனார், அங்கே ஐரோப்பியக் கோப்பை வென்றார். ஆனால் வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுகிறவரை இங்கிலாந்து பொதுவாக எடுப்பதில்லை. அவருக்கு அந்த ஒரு சீசன் விலக்கு கொடுத்தார்கள். அங்கேயே தங்கிவிட்டதால் பிறகு வாய்ப்பு மூடிவிட்டது. ஒரு கையெழுத்தில் ஒருவர் நாட்டுச் சட்டையையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். "பணத்துக்காகப் போய்விட்டான்" என்று எழுதுவதற்கு முன்னால் இதை யோசிப்பேன். முப்பது வயதில் முழங்கால் போனால் வாழ்க்கை முடிந்துவிடுகிற வேலை இது.

பயிற்சியாளர் பக்கம்

இதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கள். இங்கே பெயர்கள் கொத்தாகப் போகும், கொத்தாக வரும். அதனால் தலைமைப் பயிற்சியாளரை மட்டும் எழுதினால் போதாது. தாக்குதல், தடுப்பு, முன்வரிசை, உடற்தகுதி என்று எல்லோரையும் எழுதுங்கள்.

2020 கோடையில் ஸ்டீவ் போர்த்விக் வந்தபோது லெஸ்டர் பட்டியலில் 11-ஆம் இடத்தில் கிடந்தது. இரண்டே வருஷத்தில் கோப்பை. 2022 டிசம்பரில் இங்கிலாந்து அணி அவரைக் கேட்டது. ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் இழப்பீடு பேசித்தான் விட்டார்கள். அவரோடு தடுப்புப் பயிற்சியாளர் கெவின் சின்ஃபீல்டும் போனார். வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த ரிச்சர்ட் விகில்ஸ்வொர்த் சீசன் முடியும்வரை தாங்கிப்பிடித்தார், பிறகு அவரும் இங்கிலாந்துக்கே. உடற்தகுதி பார்த்த ஆலட் வால்டர்ஸும் அதே வழியில். ஒரே வருஷத்தில் அந்தப் பக்கத்தில் நாலு பெயரை அடித்தேன். வெளியே பார்த்தவர்களுக்குப் போனது ஒருவர்தான்.

அடுத்து ஆஸ்திரேலியாவிலிருந்து டான் மெக்கெல்லர். அந்த சீசன் 8-ஆம் இடம், ஒரே வருஷத்தில் பிரிந்தார்கள். அவரைத் திட்டியவர்கள் நிறைய. நான் என் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அணியில் பெரும்பாலோர் அவருக்கு முன்பே எடுக்கப்பட்டவர்கள். வீரர்களை ஒரு வருஷம் முன்னதாகவே எடுத்துவிடுவதால், புதுப் பயிற்சியாளர் முதல் வருஷம் பழையவரின் சமையலறையில் பழையவர் வாங்கிவைத்த காய்கறியோடுதான் சமைக்கிறார். ஆகவே அவரை எடைபோட இரண்டாம் வருஷம் வரை பொறுப்பது நியாயம் என்று நான் நினைக்கிறேன். இந்த விஷயத்தில் பெரியவர் என்னோடு ஒத்துப்போவதில்லை. மறு வருஷமே மைக்கேல் சைக்கா வந்து, ஏறக்குறைய அதே ஆட்களோடு 2025 இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார், அதைக் காட்டுவார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சைக்கா ஒரே சீசனோடு கிளம்பினார்.

அவருக்குப் பின் ஜெஃப் பார்லிங். லெஸ்டரில் லாக்காக ஆடிய பழைய ஆள், ஆஸ்திரேலிய அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர். பிரிட்டிஷ், ஐரிஷ் லயன்ஸ் அணியின் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் முடிந்ததும்தான் வந்தார். அணிக்கு ஆள் எடுத்த மாதங்களில் அவர் இங்கே இல்லை. அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

வதந்தி பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. கிளப் சொல்லும்வரை பென்சிலில்கூட எழுதாதீர்கள். தனியாக ஒரு துண்டுத்தாளில் வையுங்கள், பக்கத்தில் யார் சொன்னார், எந்தத் தேதி என்று போடுங்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் எந்தச் செய்தியாளரை நம்பலாம் என்று தானே தெரிந்துவிடும்.

எந்த கிளப்பாக இருந்தாலும் முறை இதுதான், விதிகள் மட்டும் மாறும். பிரான்ஸில் உள்ளூரில் வளர்ந்த வீரர்கள் எத்தனை பேர் மேட்சில் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அயர்லாந்தில் வீரர்களின் ஒப்பந்தத்தில் நாட்டுச் சங்கத்துக்கே பெரிய கை. நீங்கள் எடுக்கும் கிளப்பின் நாட்டு விதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் அக்கா மகனுக்கு ஏற்கெனவே அரைகுறையாகச் சொல்லியிருந்தேன். லெஸ்டர் வேண்டாமாம், டூலூஸாம். நேற்று ஒரு படம் அனுப்பினான். கோடு போட்ட பள்ளி நோட்டு, மேலே 9 என்று பெரிதாக எழுதி, கீழே "அந்துவான் டூபோன்". அதற்குக் கீழே காலி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாமா, இவருக்கு அடுத்து யாரு?"

ஷிஃப்ட் முடிந்து வந்து தேடிச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.